பிளஸ் டூ பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி? கல்லூரிக்குப் போனதும் திணறுகிறார்கள்

கரிசல் டீச்சர்:

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குத் தமிழ் எடுக்கிறேன். பதினோரு வருடமாகிறது. இந்த வருடம் வகுப்பில் 42 பேர்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பொதுத் தேர்வில் தமிழில் 96 வாங்கியவள். இப்போது பி.காம். முதல் செமஸ்டரில் 'உங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறுதொழில்' என்று நான்கு பக்க அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த கட்டுரை ஒன்றைப் பார்த்து எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, அழகாக அட்டை மாட்டிக் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"அது தப்புன்னே எனக்குத் தெரியாது மிஸ். நோட்ஸ்ல உள்ளத அப்படியே எழுதுனாத்தானே நீங்க ஃபுல் மார்க் போடுவீங்க" என்றாள். என்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பத்தாம் வகுப்பு வரை கட்டுரைக்குக் குறிப்புகளையும் நாமே கொடுத்துவிடுகிறோம். முன்னுரை, நடுவில் நாலைந்து துணைத்தலைப்பு, முடிவுரை. பிளஸ் டூவில் 90 மதிப்பெண் தாளில் நெடுவினாக்கள் பாடத்திலிருந்தே வருகின்றன. கைடில் இருக்கும் விடையை மனப்பாடம் செய்தால் போதும். பன்னிரண்டு வருடம் இப்படிப் படித்த பிள்ளையிடம் கல்லூரியில் போய் "நீயே யோசித்து எழுது" என்றால் அவள் என்ன செய்வாள்?

வாரத்தில் ஒரு பீரியட், 40 நிமிடம், இதற்காக ஒதுக்கத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கும் வரைதான் கிடைக்கும். அதற்குள் என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:

டீச்சர், முதலில் எழுத்துப் பிழையைச் சரி செய்யுங்கள். ல, ள, ழ வித்தியாசம் தெரியாத பிள்ளை கட்டுரை எழுதி என்ன பயன்? தினமும் பத்துச் சொல் சொல்வதெழுதுதல் வைக்கிறேன். தப்பாக எழுதினால் பத்துத் தடவை எழுத வேண்டும். கூடவே நாளிதழ் தலையங்கம் ஒன்றை வாசிக்கச் சொல்கிறேன். என் வகுப்பில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது.

வண்டல் வரலாறு:

டீச்சர், உங்கள் பிள்ளைகள் வந்து சேரும் இடத்தில் நிற்பவன் நான். காவிரிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் 22 வருடமாக வரலாறு நடத்துகிறேன், தமிழ் வழியில். அந்த மாணவி கேட்ட கேள்வியை வேறு வேறு வாயால் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்தது கொடுமை.

மலையடிவாரம் சார் சொல்லும் சொல்வதெழுதுதல் நடக்கட்டும். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். சொல்ல ஒரு விஷயம் கையில் இல்லாதபோது பிழை திருத்தினால், பிள்ளை தனக்குத் தெரிந்த சொற்களுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். பிழை வருமோ என்ற பயத்தில் மூன்று வரியோடு நிறுத்திவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் முதலாண்டுப் பிள்ளைகளிடம் 'உங்கள் ஊர் நூலகம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஐம்பதுக்கு மேல் தாள்கள். பாதிப் பேர் 'நூலகம் அறிவின் ஊற்று' என்ற மாதிரிதான் தொடங்கியிருந்தார்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும். எதற்கும் மதிப்பெண் போடாமல், ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே கேள்வியை எழுதினேன்: உங்கள் ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும்?

பலருக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்த தாள்கள் வேறு மாதிரி இருந்தன. ஒருவன் மேசையில் கிடந்த நாளிதழ்களை எண்ணி எழுதியிருந்தான். ஒருத்தி நாற்காலிகளை எண்ணியிருந்தாள்.

சீர்காழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளிடம் மட்டும் இன்னொன்று சொல்லி அனுப்பியிருந்தேன். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் அவள் ஊர்ப் பக்கம்தான் பிறந்தார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வருவதற்கு அவர் பெரிய காரணம். இன்றும் நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. "வீட்டில் ரசீது இருந்தால் எடுத்துப் பார்" என்றேன். பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதினாள்: 'என் அப்பா வருடா வருடம் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறார். ஒரு நாள்கூட அதற்குள் போனதில்லை.'

இந்த இரண்டு வாக்கியங்களைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அதுவரை அவள் எழுதிய எதிலும் அவள் அப்பா வந்ததில்லை. தாளில் 'ஏன் போனதில்லை?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அப்பா வயல் வேலைக்குக் கிளம்பும்போது நூலகம் திறந்திருக்காது, திரும்பி வரும்போது மூடியிருக்கும், ஆகவே கிராமத்து நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். கல்லூரியில் நாங்கள் கட்டுரை என்று எதைக் கேட்கிறோமோ அது அங்கே வந்துவிட்டது: ஒரு கருத்து, அதற்குக் காரணம், காரணத்துக்கு ஆதாரம். கருத்து, காரணம், ஆதாரம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அவள் அதையும் மனப்பாடம் செய்திருப்பாள்.

உங்கள் 40 நிமிடத்தில் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். முதல் பத்து நிமிடம் எழுதவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லட்டும், பேச்சுத் தமிழில். கேட்பவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அப்புறம் எழுதட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதி முடித்ததும் முதல் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமலே கட்டுரை நிற்கிறது என்றால் அடித்துவிடலாம். முன்னுரை என்ற பெயரில் பிள்ளைகள் எழுதுவதில் பெரும்பகுதி இப்படித்தான் போகும்.

42 நோட்டையும் ஒரே வாரத்தில் திருத்த முயற்சி செய்யாதீர்கள், இரண்டாம் மாதமே களைத்துவிடுவீர்கள். வாரம் 14 நோட்டு. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 70 நிமிடம்தான். மூன்று வாரத்தில் எல்லோருடையதும் ஒரு சுற்று வந்துவிடும். திருத்தும்போது சிவப்பு மை வேண்டாம். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள், உண்மையிலேயே உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியாக இருக்கட்டும். அதே கட்டுரையை அடுத்த சுற்றில் திரும்ப எழுதட்டும். நம் பள்ளிகளில் பிள்ளைகள் எதையும் இரண்டாம் முறை எழுதுவதில்லை. பத்துத் தடவை எழுதுவது தண்டனையாகத்தான் அவர்களுக்குத் தெரியும்.

வாக்கியத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 'அரசு திட்டத்தைக் கொண்டு வந்து மாணவிகள் பயனடைந்தனர்' என்று எழுதுவார்கள். கொண்டு வந்தது யார், பயனடைந்தது யார்? இரண்டும் வேறு வேறு ஆள். 'கொண்டு வந்ததால்' என்று மாற்றினால் சரியாகிவிடும். எங்கள் வகுப்பில் பிழை என்று நான் முதலில் பிடிப்பது இதைத்தான். ஒற்றுப் பிழை அப்புறம் வரட்டும். இன்னொன்று, 'செயல்படுத்தப்பட்டு வருகிறது', 'கருதப்படுகிறது' போன்ற சொற்கள். யார் கருதுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியம் எங்கிருந்தோ எடுத்தது.

பழைய தமிழாசிரியர்:

அம்மா, பணி ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பேராசிரியர் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதோடு சேர்த்துக்கொள்ள நம் வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் சொல்கிறார். நாம் அதை இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்ய வைத்து வீணாக்கிவிட்டோம். நான் அதைத்தான் திருத்தும் குறியாக வைத்திருந்தேன்.

நோட்டின் ஓரத்தில் 'செ.தே.' என்று போட்டால் சென்று தேய்ந்து இறுதல். கட்டுரை வேகமாகத் தொடங்கி, போகப் போக இளைத்து, கடைசியில் 'எனவே நாம் அனைவரும் பாடுபடுவோம்' என்று உயிரை விடும். 'கூ.கூ.' என்றால் கூறியது கூறல். 'ம.வி.' என்றால் மற்றொன்று விரித்தல், அதாவது நூலகத்தில் தொடங்கி மழைநீர் சேகரிப்பில் முடிப்பது. 'நன்றாக எழுது' என்று எழுதினால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'கூ.கூ.' என்று போட்டால் எந்த வரியை எடுக்க வேண்டும் என்று அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். நான்கைந்து மாதத்தில் ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கி, "டேய், இது செ.தே." என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் பத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒன்று போதும். பத்து அழகுகளையும் மறந்துவிடாதீர்கள். 'விளங்க வைத்தல்' என்று ஓரத்தில் எழுதி ஒரு வரியைக் கோடிட்டுக் கொடுத்தால், அந்தப் பிள்ளை நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டும்.

கரிசல் டீச்சர்:

ஐயா, சார், இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. செ.தே. பற்றிப் படித்ததும் என் பழைய மாதிரிக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த முடிவுரைகள் எல்லாமே செ.தே. தான்.

ஒரு கவலை. வீட்டில் எழுதி வரச் சொன்னால் சாட்ஜிபிடியில் போட்டு எடுத்து வந்துவிடுகிறார்கள். தமிழிலேயே கொடுக்கிறது, பிழையும் குறைவு. இரண்டு வாரத்துக்கு முன்னால் நான்கு பேர் கிட்டத்தட்ட ஒரே கட்டுரையைக் கொண்டுவந்தார்கள். கைபேசியைப் பிடுங்கவும் எனக்கு மனமில்லை. அதில்தான் அரசின் 'நான் முதல்வன்' திட்ட வகுப்புகளையும் பார்க்கிறார்கள்.

வண்டல் வரலாறு:

வகுப்பிலேயே பேனாவால் எழுத வையுங்கள், முதல் வரைவையும் அடித்த வரிகளையும் கிழிக்காமல் நோட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுக்கு எங்கள் கல்லூரியில் நான் மதிப்பெண் போடுவதில்லை.

மற்றது, தலைப்பு. 'சிறுதொழில்கள்' என்று கொடுத்தால் கைபேசி எழுதிவிடும். சீர்காழிப் பெண்ணின் வீட்டு வரி ரசீது எந்தக் கைபேசிக்கும் தெரியாது. பிள்ளை போய், பார்த்து, யாரிடமாவது கேட்டு வந்தால்தான் எழுத முடியும் என்கிற மாதிரித் தலைப்பைக் கொடுங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

மூன்றாம் செமஸ்டர்:

வணக்கம் மிஸ். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதல் செமஸ்டரில் எனக்கு எழுத வராததற்குக் காரணம் ஆங்கிலம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாமே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது தமிழர் மரபு என்று ஒரு தாள் உண்டு. அதில் நாட்டுப்புறக் கலை ஒன்றைப் பற்றி அசைன்மென்ட். தமிழிலேயே எழுதலாம் என்றார்கள். சந்தோஷமாக உட்கார்ந்தேன். தமிழிலும் வரவில்லை மிஸ். 'வில்லுப்பாட்டு தமிழரின் தொன்மையான கலை' என்று எழுதிவிட்டு அடுத்த வரி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் பிரச்சினை மொழியில் இல்லை என்று புரிந்தது.

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு பார்த்தவள் நான். பக்கத்து அறை அக்கா ஒருவர், "நீ பார்த்ததைச் சொல்லு, நான் கேக்கேன்" என்றார். சொன்னேன். வில்லைத் தாங்கும் குடம், வீசுகோல் படும்போது கேட்கும் சலங்கை, உடுக்கைக்காரர், நடுநடுவே 'ஆமா' போடுகிறவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். "ஆமா போடுறவரு எதுக்கு?" என்று அக்கா கேட்டார். யோசித்துப் பார்த்தால், அவர் இல்லையென்றால் பாட்டுக்காரர் மூச்சு வாங்க முடியாது, கூட்டமும் கதையை விட்டுவிடும். அதையே முதல் வரியாக வைத்து எழுதினேன். அப்புறம் அதையே ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். வாக்கியங்கள் சின்னச் சின்னதாகத்தான் வந்தன, ஆனால் வந்தன. இப்போது லேப் ரெக்கார்டுக்கும் அப்படித்தான் செய்கிறேன். என்ன நடந்தது என்று முதலில் தமிழில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதனால் மிஸ், பி.ஏ. தமிழ் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். என்ஜினியரிங், நர்சிங் போகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

கரிசல் டீச்சர்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இதுவரை ஆறு சுற்று நடந்திருக்கிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் தோல்விதான். வாயால் சொல்லச் சொன்னால் சிரித்தார்கள். பையன்கள் சினிமா பேசினார்கள். நான்காவது வாரம் நானே ஒரு மாணவியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, என் ஊர்க் கண்மாயைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள். அதற்கு அப்புறம்தான் வகுப்பு நகர்ந்தது.

எட்டுப் பேர் இன்னும் நான்கு வரியைத் தாண்டவில்லை. அவர்களில் ஐந்து பேருக்கு வாசிப்பதே சிரமம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மலையடிவாரம் சார், உங்கள் சொல்வதெழுதுதலை அவர்களுக்கு மட்டும், தண்டனை இல்லாமல், வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பையனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். முதலில் அவன் எழுதியது, 'தீப்பெட்டித் தொழில் நம் பகுதியின் முதுகெலும்பு.' உங்கள் வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போகிறார்களா என்று ஓரத்தில் கேட்டேன். அடுத்த சுற்றில் கட்டுரைக்குள் அம்மா வந்தார். மூன்றாவது சுற்றில் இப்படி எழுதினான்: '2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. அதற்கு முன்னால் 14 வருடம் விலை ஏறவில்லை. விலை இரண்டு மடங்கு ஆனது. அம்மாவின் கூலி இரண்டு மடங்கு ஆகவில்லை.'

'ஏன்?' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கும் பதில் தெரியாது.

அவன் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு ஆபீஸுக்குப் போய் முதலாளியிடமே கேட்டிருக்கிறான். அவர் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, குச்சி எல்லாம் விலை ஏறிய கணக்கைச் சொன்னாராம். மலிவான பிளாஸ்டிக் லைட்டரால் விற்பனை விழுந்ததையும் சொன்னாராம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் 'முதலாளி சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் மெழுகு விலை ஏறினால் அவர் பெட்டி விலையை ஏற்றுகிறார். அரிசி விலை ஏறினால் அம்மா எதை ஏற்றுவது என்று அவரிடம் கேட்க மறந்துவிட்டேன்' என்று முடித்திருக்கிறான். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறான். 'ஏற்றுகிறார்' என்பதில் ஒற்றை றகரம். நான் இன்னும் தொடவில்லை. ஐயா, இதற்கு ஓரத்தில் எந்த அழகைப் போடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வண்டல் வரலாறு சார், ஓர் உதவி. என்னைத் தவிர வேறு ஒருவர் இவற்றை வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஜனவரிக்கு முன்னால் 14 கட்டுரைகளை நகல் எடுத்து அனுப்பினால், உங்கள் மாணவர்கள் ஆளுக்கு ஒன்று வாசித்து, ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதித் தபாலில் திருப்பி அனுப்புவார்களா? சீர்காழிப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. முடிந்தால் அந்தப் பையனின் கட்டுரை அவளிடம் போகட்டும். பள்ளி முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.